வேப்பமரம் வெள்ளையான படம்

1991-ஆம் வருடம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குரூப் போட்டோ எடுத்த அன்றைக்கு, ஷைனியைக் கடைசி வரிசையில் ஓரமாக நிற்கச் சொன்னார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அந்த வருடம்தான் அவளுடைய வாயோரத்திலும் இடது கண்ணுக்குக் கீழேயும் வெள்ளைப் புள்ளி விழ ஆரம்பித்திருந்தது. இது தொற்றுகிற நோய் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை அம்மா இஞ்ஞாசியம்மாள் பள்ளிக்கூடத்தில் காட்டியிருந்தாள். இருந்தும் பக்கத்தில் நின்ற பிள்ளை ஒரு சாண் தள்ளியே நின்றது.

படமெடுக்க வந்தவர் ஞானதாஸ். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தார். கேமராவுக்குள் ஒரு தடவை பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்து பார்த்தார். பிறகு பொறுப்பாக நின்ற சிஸ்டரிடம் போய், "இங்க வெயில் கண்ணைக் கூசுது சிஸ்டர், பிள்ளைக மூஞ்சியச் சுளிக்குது. அந்த வாகை மரத்தடிக்குப் போயிருவோம்" என்றார். பெஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் மரத்தடிக்குப் போனார்கள். இலைகளின் இடுக்கு வழியாக வெயில் பொட்டுப் பொட்டாக இறங்கி நாற்பத்திரண்டு முகத்திலும் விழுந்தது. ஞானதாஸ் அவசரமே இல்லாமல் படமெடுத்தார்.

படம் வந்ததும் சிஸ்டருக்குக் கோபம். பிள்ளைகளுக்கு முன்னாலேயே கேட்டார். "என்ன ஞானதாஸ், எல்லாப் பிள்ளை மூஞ்சியிலயும் சுண்ணாம்பு தெளிச்ச மாதிரி இருக்கு?"

"தப்புதான் சிஸ்டர். கவனிக்காம விட்டுட்டேன்."

அடுத்த வருடம் அந்தப் பள்ளிக்கூடம் வேறு ஸ்டூடியோக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டது. ஷைனிக்கோ அந்தப் படத்தில் தன்னைத் தேடிக் கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அது அவளுக்குப் பிடித்திருந்தது. அந்த மனிதர் கவனமில்லாதவர், அதனால் தனக்கு ஒரு நல்லது நடந்தது என்றுதான் ஏழு வருடம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

படித்து முடித்துப் பழனி ரோட்டில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்த பிறகு, பிள்ளைகளின் போட்டோ விஷயமாக ஒருநாள் அவருடைய ஸ்டூடியோவுக்குப் போனாள். ஞானதாஸ் ஒரு கல்யாண வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளையையும் பொண்ணையும் மரத்தடியில நிறுத்தலாம்ணே. ஆனா இலை நிழல் விழுற எடம் மட்டும் ஆகாது. மூஞ்சியெல்லாம் புள்ளி புள்ளியா விழும். நான் தொழிலுக்கு வந்த அன்னைக்கே எனக்குச் சொல்லிக் குடுத்த மொதப் பாடம் அது."

ஷைனி வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் எதுவும் கேட்கவில்லை. அவரும் கடைசிவரைக்கும் எதுவும் சொன்னதில்லை.

அந்த 1998-இல் ஷைனிக்கு வயது இருபத்தொன்று. புள்ளிகள் இரண்டு கண்ணையும் சுற்றி, தாடை வரைக்கும், கைவிரல்கள் வரைக்கும் இறங்கியிருந்தன. பாஸ்போர்ட் சைஸ் படம் தேவைப்பட்டால் பன்னிரண்டாம் வகுப்பில் அவரிடம் எடுத்த பழைய நெகட்டிவைத்தான் மறுபடி மறுபடி பிரிண்ட் போடச் சொல்லுவாள். ஞானதாஸ் அந்த நெகட்டிவைத் தனிக் கவரில் போட்டு, கேட்டபோதெல்லாம் பேசாமல் போட்டுக் கொடுப்பார். புதுப்படம் எடுப்போமா என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

வீட்டில் வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று வரன் வந்தது. மூன்றும் வந்த வழியே போனது. அவளைப் பார்த்ததும் வந்தவர்களின் முகம் மாறும். காப்பி டம்ளரைப் பாதியில் வைப்பார்கள். தரகர் ஒவ்வொரு தடவையும் போட்டோ கேட்பார், ஷைனி கொடுக்க மாட்டாள்.

"போட்டோவைக் குடுத்து விட்டம்னா, புடிக்காதவங்க அங்கனயே வேணாம்னுருவாங்க. அவங்க மூஞ்சி மாறுறத நீ பாக்க வேண்டியதில்லை பாரு" என்று அம்மா நயமாகச் சொல்லிப் பார்த்தாள். ஷைனிக்கு அந்தப் பேச்சு நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் கேமராவுக்கு முன்னால் போய் நிற்க மனசு வரவில்லை. தன்னைப் பார்க்கிற ஒரு முகமாவது மாறாமல் இருக்காதா என்பதுதான் ராத்திரி ஜெபத்தில் அவள் வைத்த ஒரே விண்ணப்பம்.

அந்தச் சமயத்தில்தான் ஞானதாஸுக்குத் துபாயிலிருந்து ஐந்து பிலிம் ரோல் வந்தது. மனைவியின் தம்பி அங்கே வேலையில் இருந்தான். கறுப்பு வெள்ளை பிலிம் நல்லதாகக் கிடைத்தால் வாங்கி அனுப்பு என்று இவர் எழுதியிருந்தார். கலர் லேப்கள் நாலு பக்கமும் வந்துவிட்ட காலம். இருந்தும் கறுப்பு வெள்ளையில் தானே கழுவித் தானே பிரிண்ட் போடுகிற சந்தோஷம் அவரை விடவில்லை. மச்சினன் கடையில் இருந்ததிலேயே விலை கூடினதைப் பார்த்து வாங்கி அனுப்பிவிட்டான். அது இன்ஃப்ராரெட் பிலிம் என்பது அவனுக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது.

வழக்கம்போல் கடை மேசையில் வைத்துப் பகல் வெளிச்சத்திலேயே டப்பாவைத் திறந்து கேமராவில் மாட்டினார். மலைக்கோட்டையை நாலு பக்கத்திலிருந்தும் எடுத்தார். கழுவிப் பார்த்தால் ரோல் முழுக்கக் கரி பூசினாற்போல ஒரே கறுப்பு. அதற்குப் பிறகுதான் டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த துண்டுக் காகிதம் அவர் கண்ணில் பட்டது. எல்லாம் பொடி இங்கிலீஷ் எழுத்து.

சனிக்கிழமை ஷைனி கடைக்கு வந்தபோது அதைப் பிரித்து நீட்டினார். "டீச்சரம்மா, இதைச் செத்த வாசிச்சுச் சொல்லுங்க. ஒரு ரோல் போச்சு. இன்னும் நாலுதான் இருக்கு."

ஷைனி நின்றுகொண்டே வாசித்தாள். வாசிக்க வாசிக்க ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "அண்ணே, இது சாதாரண பிலிம் இல்லை. நம்ம கண்ணுக்குத் தெரியுற சிவப்பு இருக்குல்ல, அதுக்கும் அந்தாண்ட ஒரு வெளிச்சம் இருக்காம். அது நமக்குத் தெரியாது, இந்த பிலிமுக்குத் தெரியுமாம்."

ஞானதாஸ் சிலுவை போட்டுக்கொண்டார். "பூசையில வாரா வாரம் சொல்றோம்ல, தெரியறதையும் தெரியாததையும் படைச்சவர்னு. இம்புட்டு நாளா வாயிலதான் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன் போல."

காகிதம் கறாராக இருந்தது. டப்பாவைக் கும்மிருட்டில்தான் திறக்க வேண்டும், கேமராவில் மாட்டுவதும் கழற்றுவதும்கூட இருட்டில்தான். பிலிமைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும். எடுக்கப் போகும்போது வெளியே எடுத்து, குளிர் போன பிறகே திறக்க வேண்டும், இல்லையென்றால் வேர்த்துவிடும். லென்ஸுக்கு முன்னால் அழுத்தமான சிவப்புக் கண்ணாடி போட வேண்டும். இந்த வெளிச்சத்தை எந்த மீட்டரும் அளந்து சொல்லாது. அதனால் ஒரே காட்சியை உத்தேசமாக ஒன்று, வெளிச்சம் கூட விட்டு ஒன்று, குறைய விட்டு ஒன்று என்று மூன்று விதமாக எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிவப்புக் கண்ணாடி ஞானதாஸிடம் இருந்தது. கோயில் கோபுரம், சர்ச் கோபுரம் எடுக்கிறபோது மேகம் எடுப்பாகத் தெரிவதற்காக வைத்திருந்தார். இருட்டுக்கு டார்க் ரூம் இருந்தது. குளிர்ச்சிக்குத்தான் வழியில்லை. பக்கத்துக் கடை முகமது பாரூக்கிடம் போனார். பாரூக் கூல்டிரிங்ஸ் கடைக்காரர், இவருக்கு இருபது வருட சிநேகிதம்.

"பாய், இந்த நாலு டப்பாவை உங்க பிரிட்ஜில வச்சுக்கங்க."

"என்ன மாப்ள, பிலிமுக்குக் காய்ச்சலா?"

"வெக்கை ஆகாதாம்."

"பன்னீர் சோடாவுக்குப் பக்கத்துல வைக்கிறேன். எவனாவது வந்து இதையும் ஒடைச்சுக் குடுங்கன்னு கேட்டா நான் பொறுப்பில்ல."

இரண்டாவது ரோலை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆத்தூருக்கு பஸ் ஏறினார். அணைக்கட்டு, தென்னந்தோப்பு, நாற்று நட்ட வயல் என்று எல்லாவற்றையும் மூன்று மூன்றாக எடுத்தார். எடுத்த ஒவ்வொன்றையும் ஷைனி கொடுத்த கோடு போட்ட நோட்டில் குறித்துக்கொண்டார். மறுநாள் சாயங்காலம் ஷைனி வந்தபோது பிரிண்டுகளைக் கம்பியில் காயப் போட்டிருந்தார். பாரூக்கும் வந்து எட்டிப் பார்த்தார்.

தென்னை மரமெல்லாம் மாவு தூவினாற்போல வெள்ளை. வயல் வெள்ளை. அணைத் தண்ணீர் மசிக் கறுப்பு. அதற்குமேல் வானம் கறுப்பாகி, அதில் மேகம் மட்டும் பஞ்சு பஞ்சாக மிதந்தது.

"யா அல்லாஹ்! எப்ப மாப்ள காஷ்மீர் போயிட்டு வந்த?"

"நம்ம ஆத்தூரு பாய் இது!"

ஞானதாஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டத்தில் பார்த்தபோது அவர் முகம் சுருங்கியது. எந்தப் படமும் கூர்மையாக இல்லை. ஓலை ஓலையாகத் தெரிய வேண்டிய தென்னை, கண்ணீர் ததும்பிய கண்ணால் பார்த்ததுபோல் கலங்கித் தெரிந்தது. பதினாலு வருடம் பழகின கேமரா. ஃபோகஸ் தப்பிற்று என்று யாரும் அவரைச் சொன்னதில்லை.

ஷைனி காகிதத்தை மறுபடி எடுத்தாள். முதல் தடவை அவசரத்தில் தாண்டிப் போன ஒரு பத்தி கடைசியில் இருந்தது. "அண்ணே, இந்த வெளிச்சம் லென்ஸுக்குள்ள வேற எடத்துல போய்ச் சேருமாம். கண்ணால பாத்து ஃபோகஸ் பண்ணிட்டு, அந்த அளவைக் கொஞ்சம் நகத்தி, லென்ஸ் மேல இருக்கிற சிவப்புக் குறிக்கு நேரா வைக்கணுமாம்."

"சிவப்புக் குறியா? என் லென்ஸில அப்பிடி ஒண்ணும் கெடையாதே."

"எல்லா லென்ஸிலயும் இருக்கும்னு போட்டிருக்கு."

ஞானதாஸ் கேமராவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாரூக் வாங்கிப் பார்த்தார். ஷைனி வாங்கி ஜன்னல் ஓரத்துக்குக் கொண்டுபோனாள். ஃபோகஸ் கோட்டுக்கு வலப்பக்கம், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு அந்தோணியார் படம் ஒட்டியிருந்தது. 1984-இல் கேமரா வாங்கின அன்றைக்குச் சர்ச் சாமியார் மந்திரித்துக் கொடுத்த கையோடு ஞானதாஸ் ஒட்டியது. அந்தப் படத்தின் ஓரத்தில் ஊசிமுனை அளவுக்கு ஏதோ சிவப்பு எட்டிப் பார்த்தது.

"அண்ணே," என்றாள் ஷைனி தயங்கியபடி. "குறி அவருக்குக் கீழதான் இருக்கு போல."

பாரூக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "காணாமப் போனதக் கண்டுபிடிச்சுக் குடுக்குற சாமின்னு சொல்லுவியே மாப்ள! அவரே மேல ஏறி உக்காந்துக்கிட்டுல்ல இருந்திருக்காரு!"

"சிரிக்காதீங்க பாய். நம்ம ஒட்டுன தப்புக்கு அவரு என்ன செய்வாரு?"

உடனே பிய்த்துப் போட அவருக்கு மனசில்லை. மறுநாள் செவ்வாய்க்கிழமை, அந்தோணியார் நாள். காலையில் போய் மெழுகுவர்த்தி ஏற்றி, விஷயத்தைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தார். அப்புறம் சுடுதண்ணீரில் நனைத்த துணியை வைத்து வைத்து, ஓரம்கூடக் கிழியாமல் எடுத்து, கேமரா உறையின் உள்பக்கத்தில் ஒட்டினார். லென்ஸின் மேல் மிளகாய் விதை அளவில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது.

"கண்டுபிடிச்சுக் குடுத்துட்டாருல்ல?" என்றார் பாரூக்கிடம்.

மூன்றாவது ரோலுக்கு ஆத்தூர் போகவில்லை. ஷைனியின் பள்ளிக்கூடத்து மைதானத்தில் பெரிய வேப்பமரம் ஒன்று இருந்தது. லீவு நாள் பார்த்து மூன்று பேருமாகப் போனார்கள். இந்தத் தடவை ஒவ்வொரு படத்துக்கும் கண்ணால் ஃபோகஸ் வைத்து, சிவப்புப் புள்ளிக்கு நகர்த்தி, சிவப்புக் கண்ணாடி போட்டு எடுத்தார். கடைசியில் சில படங்கள் மிச்சமிருந்தன.

"மனுசத் தோலு இதுல எப்படி விழும்?" என்றார் ஞானதாஸ்.

"வெளுப்பா, வழவழன்னு விழும்னு போட்டிருக்கு" என்றாள் ஷைனி.

பாரூக் போய் மரத்தடியில் ராஜா மாதிரி நின்றார். எடுத்தாயிற்று. ஞானதாஸ் அடுத்ததாக யாரையும் கூப்பிடவில்லை. கேமராவுக்குப் பின்னால் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டே இருந்தார். ஷைனி தானே போய் நின்றாள். இது போட்டோ இல்லை, பரீட்சைதானே என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து ஞானதாஸ் இரண்டு பேரையும் கூப்பிட்டுப் படங்களைக் காட்டினார். பாரூக்கின் படத்தை முதலில் காட்டினார். பாரூக் மெழுகில் செய்த ஆளாக, கண்கள் மட்டும் கன்னங்கரேலென்று இருந்தார். அதற்கு மூன்று பேரும் சிரித்து முடித்தபிறகு ஷைனியின் படத்தைக் கொடுத்தார். "ரெண்டு தடவை பிரிண்ட் போட்டுப் பாத்துட்டேன் டீச்சரம்மா. நான் ஒண்ணும் டச்சப் பண்ணலை."

படத்தில் புள்ளி இல்லை. கண்ணைச் சுற்றி இல்லை, வாயோரத்தில் இல்லை, கோத்திருந்த கைவிரலில் இல்லை. முகம் முழுக்க ஒரே சீராகப் பால்போல இருந்தது. மூக்கு அவளுடையது, சிரிக்காமல் சிரிக்கிற உதடு அவளுடையது. ஷைனி அதைக் கைக்குட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். இரண்டு நாள் யாருக்கும் காட்டவில்லை. பாத்திரம் கழுவும்போது ஒரு தடவை, நோட்டுத் திருத்தும்போது ஒரு தடவை என்று எடுத்து எடுத்துப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் அம்மா பார்த்துவிட்டாள்.

"மாதாவே!" என்று படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மாதா சுரூபத்துக்கு முன்னால் வைத்து அழுதாள். மறுநாள் காலையில் நேராக ஸ்டூடியோவுக்குப் போய், தரகருக்குக் கொடுக்கப் பத்துப் படம் போடச் சொல்லிவிட்டு வந்தாள். ஷைனி தடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் ஞானதாஸ் வீட்டுக்கு வந்தார். அதற்குமுன் வந்ததில்லை. கையில் படம் எதுவும் இல்லை.

"எங்க தம்பி படம்?" என்றாள் இஞ்ஞாசியம்மாள்.

"போடலக்கா."

"ஏன்? பேப்பர் இல்லையா?"

"அக்கா, அந்தப் படத்தைச் செத்த எடுங்க." வாங்கி, மரத்தின் மேல் விரலை வைத்தார். "இது என்ன மரம்?"

"வேப்பமரம்."

"வெள்ளையா இருக்கே?"

"அதான் ஏதோ பிலிமுன்னீங்களே."

"அதாங்க்கா. இதப் பாத்துட்டு வேப்பமரம் வெள்ளைன்னு ஒரு ஆளும் நம்ப மாட்டான். மூஞ்சிய மட்டும் நம்பிருவான். நம்பி வந்து நிப்பான். அப்புறம் புள்ளையத்தான் ஏமாத்துக்காரின்னு சொல்லுவான்."

"நீங்க புள்ளையப் பெத்திருந்தா தெரியும் தம்பி!" என்றாள் அம்மா. ஞானதாஸுக்குப் பிள்ளை இல்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எடுத்தது என் தப்புதான்க்கா" என்று மட்டும் சொன்னார்.

அடுப்படியில் நின்ற ஷைனிக்கு, வாகை மரத்துப் படத்துக்காக 'தப்புதான் சிஸ்டர்' என்று சொன்ன குரல் இதுதானே என்று பட்டது. வெளியே வந்தாள். "தப்பெல்லாம் இல்லண்ணே. எனக்கு அந்தப் படம் ரொம்பப் புடிச்சிருக்கு. நான் வச்சுக்கிறேன். நாளைக்கு அதே மரத்தடியில, சாதா பிலிம்ல ஒண்ணு எடுங்க. தரகருக்கு அதைக் குடுப்போம்."

அம்மா நாலு நாள் யாரோடும் பேசவில்லை. ஞானதாஸ் சாதாப் படத்தை எடுத்தார். பவுடர் போடச் சொல்லவில்லை, முகத்தைத் திருப்பச் சொல்லவில்லை. "தாடைய ஒரு நூல் தூக்குங்க" என்று மட்டும் சொன்னார். புள்ளி எல்லாமே விழுந்திருந்தது. பார்க்க நன்றாகவும் இருந்தது. அவளே அதை ஒத்துக்கொண்டாள்.

அந்தப் படம் பல வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தது. ஒன்றரை வருடம் கழித்து செம்பட்டியிலிருந்து ரொனால்டு வந்தான். மோட்டார் காயில் கட்டுகிறவன். சாதாப் படத்தோடு, ஷைனி தன் மனசாக வெள்ளை மரப் படத்தையும் அனுப்பி வைத்திருந்தாள். வந்து உட்கார்ந்தவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவன் முகம் மாறுமோ என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மாறவில்லை. காப்பியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, "ஒண்ணு கேக்கணுங்க. அந்த இன்னொரு படத்துல மரம் ஏன் வெள்ளையா இருக்கு?" என்றான்.

"பச்சை இலை அந்த வெளிச்சத்தை வச்சுக்காம அப்பிடியே திருப்பி அனுப்பிருமாம். அதான்."

"அட! அதை எடுத்த ஆளு எங்க இருக்காரு? பாக்கணுமே."

2000-ஆவது வருடம் தை மாதம் கல்யாணம் நடந்தது. படமெடுத்தவர் ஞானதாஸ், அதுவும் கலரில். மிச்ச இரண்டு ரோலை அவரும் ரொனால்டுமாக ஆத்தூர் பக்கம் போய் எடுத்துத் தீர்த்தார்கள். அதில் அணைக்கட்டுப் படம் ஒன்றைப் பெரிதாகப் போட்டுக் கடையில் மாட்டினார். கறுப்பான மாப்பிள்ளையை இந்த பிலிமில் வெள்ளையாக்கித் தாருங்கள் என்று வருகிறவர்களிடம், "மரம், மட்டை, ஆடு தின்னுற புல்லு அம்புட்டையும் சேத்துத்தான் வெள்ளையாக்கும், பரவாயில்லையா?" என்று கேட்டுச் சிரிக்க வைத்து அனுப்பிவிடுவார்.

வருடத்துக்கு ஒரு தடவையாவது ஷைனி அவரிடம் வந்து ஒரு படம் எடுத்துக்கொண்டாள். முதலில் புருசனோடு, பிறகு பிள்ளையோடு. ஒவ்வொரு வருடமும் புள்ளிகள் கொஞ்சம் இடம் மாறியிருக்கும், பெரிதாகியிருக்கும். அவர் அதைப் பார்த்து, அந்த வருடத்துக்கு எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் வர வேண்டுமோ அந்தப் பக்கம் ஸ்டூலைத் திருப்பிப் போடுவார். அவ்வளவுதான்.

2006 செப்டம்பரில் செம்பட்டியிலிருந்து ஷைனி வந்தபோது பஸ் தாமதமாகி மணி ஆறைத் தொட்டுவிட்டது. ஞானதாஸ் கொஞ்சம் இளைத்திருந்தார். மூச்சு வாங்கியது. வாசல் வரைக்கும் வந்து வானத்தைப் பார்த்துவிட்டு, வெளிச்சம் போதாது என்று தலையை ஆட்டினார். அக்டோபரில், ஜெபமாலை மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, பூசைக்குப் போய்விட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்படியே கர்த்தருக்குள் போய்விட்டார் என்று பாரூக்தான் செம்பட்டிக்குப் போன் பண்ணிச் சொன்னார். அதனால் அந்தச் சாயங்காலம்தான் ஷைனி அவரைக் கடைசியாகப் பார்த்தது.

"பிளாஷ் போட்டு எடுங்கண்ணே, அடுத்து எப்ப வருவேனோ" என்று அவள் சொன்னதற்கு அவர் சம்மதிக்கவில்லை.

"வேணாம் டீச்சரம்மா. பிளாஷ் போட்டா மூஞ்சியில உள்ளது பூராம் அடிச்சுப் போயிரும், மொட்டையா விழும். அடுத்த தடவை செத்த வெள்ளன வாங்க. ஒம்போது மணி வெயிலு உங்களுக்கு ரொம்ப நல்லா விழும்."